தெரு படித்த கார்டு

போன மாதம் உயிர்வாழ் சான்று கொடுக்க நம் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். முப்பத்து ஏழு வருஷம் அந்தக் கட்டடத்தில் குப்பை கொட்டிவிட்டு, ‘நான் இன்னும் சாகவில்லை’ என்று எழுதிக் கொடுக்க அதே கவுன்டரில் வரிசையில் நிற்பது ஒரு தனிச் சுகம். உங்களுக்கும் வரும், அவசரப்படாதீர்கள்.

உங்களில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். திருச்சிப் பக்கம். தேர்வெழுதி நேரே ஹைதராபாத் போஸ்டிங். கொண்டாப்பூரில் மூன்று பெண்களோடு வீடெடுத்துத் தங்கி, தினமும் ஒன்றரை மணி நேரம் பிரயாணம் பண்ணி வருகிறாளாம். நல்ல பெண், சுறுசுறுப்பு. “உங்க காலத்துல ஒரு மெமோ போய்ச் சேர வாரக்கணக்கா ஆகுமாமே மேடம்? இப்ப பாருங்க” என்று ஃபோனை நீட்டினாள். துணை உதவித்தொகை வாங்கும் எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருக்கிறீர்கள். அதில் ஒரு பட்டியல். யாருக்கெல்லாம் பணம் நிறுத்தம் என்று பெயர், ஊர், எதிரே காரணம். ‘சான்று வரவில்லை.’ ‘வயது தாண்டியது.’ ஓரிடத்தில், ‘மறுமணம் – சந்தேகம்.’

டீயைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அவள் இன்றைக்குச் செய்ததை அவள் பிறப்பதற்கு முன்பே நான் செய்தாயிற்று. அதனால் பேசாமல் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், தமிழில் எழுதினால்தான் எனக்கும் மனசு பேசும். மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வே, பூர்வீகம் திருநெல்வேலி, ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை, மற்ற ஆறு நாளும் தெலுங்கும் உருதும். இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலையிலிருக்கும்போதே இறந்துபோனவர்களின் மனைவிமாருக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியத்துக்கு மேலே அரசாங்கம் தரும் துணை உதவித்தொகைதான் எங்கள் செக்ஷன். அந்தப் பணம் டெல்லியிலிருந்து தவணை தவணையாக வரும். மார்ச் கடைசிக்குள் கொடுக்காதது திரும்பிப் போய்விடும். திரும்பிப் போனதை மறுபடி வாங்குவது என்றால் யானை விலை குதிரை விலை. அது இன்றைக்கும் மாறவில்லை என்று நினைக்கிறேன்.

மாறாத இன்னொன்றும் உண்டு. புருஷனை இழந்தவள் ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் ‘நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை’ என்று எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதியுள்ள ஓர் அதிகாரியிடம் சான்று வாங்கிவர வேண்டும். மனைவியை இழந்து ஓய்வூதியம் வாங்கும் ஆண்களுக்கும் அதே விதிதான். ஆனால் அவர்களைப் பற்றி எனக்கு ஒரு மொட்டைக் கடுதாசிகூட வந்ததில்லை.

அந்தக் காலத்து அலுவலகம் எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது. கோந்து வாசனை, ஈரம் கோத்த தபால்தலைகள், ரப்பர் ஸ்டாம்ப் விழும் சத்தம். பதினொரு மணிக்கு எதிர் இரானி ஹோட்டலிலிருந்து டீ வரும். ஒரு டீயை இரண்டாக்கி, சாஸரில் அவள், கப்பில் நான். அவள் என்றால் தபால் அனுப்பும் மேஜையில் இருந்தவள். பெயர் சொன்னால் என்னைக் கொன்றுவிடுவாள், அதனால் தபால்காரி என்றே சொல்கிறேன், நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவளும் செகந்திராபாத் தமிழ், ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். புருஷன் இறந்ததால் கருணை அடிப்படையில் வேலை கிடைத்து, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். சம்பளத்திலும் பதவியிலும் எனக்குக் கீழே. மற்ற எல்லாவற்றிலும் எனக்கு மேலே என்று புரிய எனக்குக் கொஞ்ச நாளாயிற்று. எங்கள் ஊர்த் தமிழில் எல்லாமே கலந்திருக்கும். வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’. அவள் வாயில் அந்த நக்கோவைக் கேட்க வேண்டும், ஆபீசரே எழுந்த நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துவிடுவார்.

ஒரு டிசம்பரில் ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. ஹைதராபாத்தில் காஞ்சன்பாக் பக்கம் செல்வராணி என்ற பெண்ணைப் பற்றி. திண்டுக்கல்லிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் மாரடைப்பில் போய் நாலு வருஷம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு, அங்கேயே பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் மகளோடு குடியிருந்தாள், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. கடுதாசியில் இருந்தது இவ்வளவுதான். ‘அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். தினமும் விடியற்காலையில் அவன் வீட்டுக்குள் போவதை எல்லாரும் பார்க்கிறோம். அரசாங்கத்தை ஏமாற்றுகிறாள்.’

கையெழுத்தில்லாத கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று விதியே இருக்கிறது. ஆனால் தணிக்கைக்காரர்கள் வரும் நேரம். போன வருஷம் மறுமணம் செய்துகொண்ட ஒருத்திக்கு ஆறு மாதம் பணம் போயிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவருக்கு மெமோ கிடைத்திருந்தது. அடுத்த மெமோ எனக்குத்தான் என்று பட்டது. நான் ஓர் அவசரக்குடுக்கை. அன்றைக்கே தொகையை நிறுத்தினேன், அம்மாவுடையதையும் மகளுடையதையும் சேர்த்து. ‘தாங்கள் மறுமணம் செய்துகொண்டதாகத் தெரியவருகிறது. உதவித்தொகை நிறுத்தப்பட்டுள்ளது. புதிய சான்றுடன் பதினைந்து நாளில் விளக்கம் தரவும்’ என்று ஆங்கிலத்தில் டைப் அடித்தேன்.

எதில் அடித்தேன்? தபால் கார்டில். அப்போது எங்களுக்குச் சின்ன மெமோக்கள் எல்லாமே கார்டில்தான் போகும். சான்று வந்து சேர்ந்தது, படிவம் மூன்றில் தேதி விட்டுப்போயிற்று, இப்படி. கவர் என்றால் முகவரி எழுதணும், ஒட்டணும், கனம் பார்க்கணும். கார்டு ஒரு நிமிஷ வேலை. கை பழகிய வழியில் போய்விட்டது.

தபால்காரி கார்டைத் திருப்பிப் படித்தாள். “இது கார்டுல போகணுமா?”

“எல்லாம் கார்டுலதானே போகுது.”

“கைக்கு இவ்ளோ அவசரம்? கவர் எடுத்துத் தரேன், நானே ஒட்டறேன். ரெண்டு நிமிஷம்.”

“கவர் ஸ்டாக் தீரப்போகுதுன்னு நீதானே காலைல அழுதே? கார்டையே போடும்மா, எனக்குத் தணிக்கை வேலை தலைக்கு மேல கிடக்கு.”

அவள் என்னைப் பார்த்தாள். பதிவேட்டில் எண் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, கட்டில் வைத்தாள். அன்றைக்கு நக்கோ சொல்லாமல் விட்டதுக்காக அவள் பல வருஷம் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறாள். நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

பதினைந்து நாளில் பதில் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதான் வாயடைத்துக் கிடக்கிறாள் என்று நானே தீர்ப்பெழுதி ஃபைலைக் கட்டினேன். பிப்ரவரி கடைசியில் செல்வராணியே கவுன்டருக்கு வந்தாள். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை. கையில் அந்தக் கார்டு.

“என் கூடப் பொறந்த தம்பிங்கம்மா அவன்” என்றாள். குரல் உயரவில்லை. “ஜீடிமெட்லாவுல மருந்துக் கம்பெனில வேலை கெடச்சு வந்தான். நைட் ஷிஃப்ட். விடிஞ்சாத்தானே வீட்டுக்கு வருவான்? வேற எப்ப வருவான்?”

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சமாளித்துக்கொண்டு, “அப்ப உடனே வந்து சொல்லியிருக்கலாமே? சான்று எங்கே?” என்று கேட்டேன். தப்பு பண்ணினவர்களுக்குத்தான் அதிகாரக் குரல் சுலபமாக வருகிறது.

“அதுக்குத்தாங்க ரெண்டு மாசமா அலையறேன்.” கார்டு வந்த அன்றைக்கு அவள் வேலையில் இருந்திருக்கிறாள். தபால்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார். ஆங்கிலம் தெரிந்த அந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று சத்தமாகப் படித்துப் பொருளும் சொல்லியிருக்கிறார். அவள் வீடு வருவதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. இந்திய அரசு முத்திரை போட்ட கார்டு பொய் சொல்லுமா? வருஷா வருஷம் சான்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர், ‘எனக்கு எதுக்கம்மா வம்பு, கவர்மென்டே எழுதியிருக்கே’ என்று கையை விரித்துவிட்டார். தம்பி அவமானம் தாங்காமல் கம்பெனிப் பக்கமே அறை பார்த்துப் போய்விட்டான். அவன் போனதும், ‘பார்த்தியா, மாட்டிக்கிட்டதும் ஓடிட்டான்’ என்று அதற்கும் ஒரு கதை.

“பணத்தைக்கூட விடுங்கம்மா. எம்பொண்ணு பத்தாவது. ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குது. பரீட்சை எழுதமாட்டேன்னு உக்காந்திருக்கு. அடுத்த மாசம் பரீட்சை. நான் என்ன சொன்னாலும் கேக்கமாட்டேங்குது. நீங்க எழுதினதுதானே இது? நீங்களே வந்து சொல்லுங்க.”

புதிய சான்று இல்லாமல் நான் தொகையை மறுபடி தொடங்க முடியாது. நான் அனுப்பிய கார்டினாலேயே அவளுக்குச் சான்று கிடைக்காது. மார்ச் முடிந்தால் நிறுத்திய பணம் டெல்லிக்குத் திரும்பிவிடும். ஆபீசரிடம் போனேன். தாசில்தார் விசாரணைக்கு எழுது என்றார். அது வர ஆறு மாதம். அந்தப் பெண்ணின் பரீட்சைக்கு இருந்தது மூன்று வாரம். மேஜைக்கு வந்து உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டீ ஆறிப்போயிற்று.

தபால்காரி சாஸரைத் தள்ளி வைத்தாள். “அழுதா தொகை ரிலீஸ் ஆகுமா? எழுந்திரு. விதியில ‘அதிகாரி நேரில் விசாரித்தும் திருப்தியடையலாம்’னு ஒரு வரி இருக்கு. எனக்குச் சான்று கிடைக்காதப்ப பழைய சூப்பிரண்டு அந்த வரியிலதான் என்னைக் காப்பாத்தினாரு. போய்க் காட்டு.”

காட்டினேன். ஆபீசர் வரியை இரண்டு தரம் படித்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். “ரிப்போர்ட் உன் பெயரில். நாளைக்கு ஏதாவது வந்தால் உன் தலைதான் உருளும்” என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, ஜீப்பைக் கொடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ‘இந்திய அரசு’ என்று எழுதிய ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்தினோம். அது தபால்காரியின் யோசனை. “வீட்டு வாசல்ல இறங்க நக்கோ. முனையிலேர்ந்து நடப்போம், எல்லாரும் பாக்கட்டும்.” எல்லாரும் பார்த்தார்கள். செல்வராணி வரச் சொல்லியிருந்ததால் தம்பி ஷிஃப்ட் முடிந்து நேரே அங்கே வந்து, தூக்கக் கண்ணோடு நின்றிருந்தான். கம்பெனி அடையாள அட்டை, திண்டுக்கல் பள்ளிக்கூடச் சான்றிதழ், இரண்டிலும் தகப்பனார் பெயர், செல்வராணியின் தகப்பனார் பெயர். ஐந்து நிமிஷ வேலை. இந்த ஐந்து நிமிஷத்தை நான் டிசம்பரில் செலவழித்திருந்தால் போதும்.

மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் தமிழில் கேட்டேன், அவள் தெலுங்கில் பதில் சொன்னாள். அந்த வீட்டில் அம்மா தமிழும் மகள் தெலுங்குமாகத்தான் பேச்சு ஓடும்.

“பரீட்சை எழுதணும்மா. தப்பு எங்களோடது.”

“ஹால் டிக்கெட் வாங்கணும்னா இந்தத் தெரு வழியாத்தான் போகணும் ஆண்ட்டி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு அந்தத் தெரு வழியாகவே நடந்தேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் தபால்காரி. பள்ளிக்கூடத்தில், சான்றுக்குக் கையை விரித்த அதே தலைமை ஆசிரியர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். ஹால் டிக்கெட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் ஜீப் ஏறினோம்.

அன்றைக்கே ரிப்போர்ட் எழுதினேன், ஆபீசர் கையெழுத்திட்டார், மார்ச்சுக்குள் பணம் போயிற்று. நிறுத்தத்தை ரத்து செய்யும் கடிதத்தை என் கையால் எழுதினேன், ஆங்கிலத்தில் மேலே, தெலுங்கில் கீழே, யாருக்கும் புரியட்டும் என்று. ‘தங்கள்மீது எந்தத் தவறும் இல்லை. தவறு இந்த அலுவலகத்துடையது. வருந்துகிறோம்.’ ஆபீசர் பேனாவை வைத்துவிட்டார். “அலுவலகம் வருந்தாதும்மா. அலுவலகம் மறுபரிசீலனை பண்ணும்.” நான் நகரவில்லை. “அப்படின்னா உன் பெயரிலேயே வருந்திக்கோ” என்றார். என் பெயரிலேயே கையெழுத்துப் போட்டேன்.

கவரை எடுக்கப் போன என் கையைத் தபால்காரி பிடித்துக்கொண்டாள்.

“நக்கோ. அது கார்டுல போச்சு. இதுவும் கார்டுலதான் போகணும்.”

அவள் சொன்னபடி ஒரு கார்டை எடுத்து, எல்லாவற்றையும் பொடி எழுத்தில் மறுபடி எழுதினேன். அவள் ஸ்டாம்ப் ஒட்டும்போது இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களில் அது பெரியது. அந்த மேஜையை, அந்தச் சாஸரை, அவள் சிரிப்பை இப்போது நினைத்தாலும் நெஞ்சு இளகுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இன்றைக்கும் ஃபோனில் பேசிக்கொள்கிறோம். மகனோடு கொண்டாப்பூரில் பதினான்காவது மாடியில் இருக்கிறாள். லிஃப்ட் நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டுவாள்.

இந்தக் கதையை நான் எத்தனை பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? ‘தவறு போன வழியிலேயே திருத்தமும் போக வேண்டும்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, கைதட்டல் வாங்கி, பெருமை பீற்றிக்கொண்டு இருபது வருஷம் ஓட்டினேன்.

ஓய்வுபெறுவதற்கு நாலு மாதம் முன்பு ஒரு நாள் மத்தியானம், முப்பது வயசுக்கு மேலே ஒரு பெண் என் மேஜைக்கு வந்தாள். அம்மா இறந்துவிட்டார், ஓய்வூதியத்தையும் உதவித்தொகையையும் நிறுத்த வேண்டும் என்று இறப்புச் சான்றை வைத்தாள். ஃபைலில் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தேன். அவளும் என்னைக் கண்டுகொண்டாள். பத்தாவது தேறி, மேலே படித்து, ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை. இப்போதும் தெலுங்குதான்.

அம்மாவின் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்திருந்தாள். ரேஷன் கார்டு, பாஸ்புக், நடுவில் என் கார்டு. இரண்டாவது கார்டு. கையில் எடுத்தேன். துணி மாதிரி தொய்ந்திருந்தது. ஓரமெல்லாம் கறுத்து, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது.

“இவ்வளவு நாள் வச்சிருந்தாங்களா!” என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “ஏன் இப்படி அழுக்காயிருக்கு?”

“எல்லார் கையிலயும் போயிருக்கு மேடம்.”

“எல்லாரும் படிச்சாங்களா? அதுக்காகத்தான் கார்டுல போட்டேன்!”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “முதல் கார்டை எல்லாரும் தானாப் படிச்சாங்க மேடம். இதைத் தபால்காரர் எங்க வீட்டுல குடுத்துட்டுப் போய்ட்டாரு. பக்கத்து வீட்டு அங்கிள் பார்த்தாரு, ஆனா வாங்கிப் படிக்கல. அம்மாதான் இதை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனாங்க. நாப்பது வீடு. அம்மாவுக்கு இங்கிலீஷும் தெரியாது, தெலுங்கும் படிக்க வராது. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, ‘கொஞ்சம் படிங்க, கொஞ்சம் படிங்க’ன்னு கேட்டாங்க. சில பேர் வேலையாயிருக்கேன், நாளைக்கு வான்னாங்க. நாளைக்கும் போனாங்க.” காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். “நான் கூடப் போகல மேடம். எனக்கு வெக்கமா இருந்துச்சு. அம்மா போறதைப் பார்த்துக்கிட்டு உள்ளேயே உக்காந்திருந்தேன்.”

இருபது வருஷம் வாங்கிய கைதட்டல் அத்தனையும் என் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. அப்புறம் கார்டை மறுபடி உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

படிவங்களில் கையெழுத்து வாங்கி, ரசீது கொடுத்தேன். எழுந்தவள் நின்றாள்.

“நிறுத்தினதுக்கு ஆர்டர் வீட்டுக்கு வருமா மேடம்?”

“வரும்மா. ஒரு வாரத்துல அனுப்பிடுவோம்.”

“கவர்ல போட்டு அனுப்புங்க” என்றாள்.